மார்கிட் வழிவிட மாட்டேன் என்கிறானே!
வாசகர் கேள்வி – பதில்: எல்டன் ரிங் வீடியோ கேம்

கேள்வி: ஸ்டார்ம்வெய்ல் கோட்டைக்குள் நுழையவே முடியவில்லை. வாசலில் நிற்கும் மார்கிட் இரண்டே அடியில் தீர்த்துவிடுகிறான். ரோல் செய்து (உருண்டு) விலகினாலும் அடி விழுகிறது. கேமே எனக்குச் சரிப்படாதோ?

கேம் சரிப்படும். போன நேரம்தான் சரியில்லை. ஓய்வெடுக்கும் இடமான கிரேஸிலிருந்து கிளம்பும் பொன்னிற ஒளிக்கோடு கோட்டையைக் காட்டுவதால், உடனே அங்கே போயாக வேண்டும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கோடு கதை எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் சொல்கிறது. நீங்கள் தயாரா என்பதைச் சொல்வதில்லை. மார்கிட்டை அப்படியே விட்டுவிட்டு, தொடக்கப் பகுதியான லிம்கிரேவுக்குத் தெற்கே பாலத்தைக் கடந்து வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போங்கள். அங்கே மூன்று தேவாலயங்களில் மூன்று சேக்ரட் டியர் கிடைக்கும். ஒவ்வொன்றும் உயிரை மீட்கும் குடுவையின் ஒரு மிடறு தரும் உயிரைக் கூட்டும். வழியில் பொன்னாய் மின்னும் இளங்கன்றுகளின் அடியில் கிடைப்பவை கோல்டன் சீட். அவை குடுவையின் எண்ணிக்கையைக் கூட்டும். மோர்ன் சுரங்கத்தில் ஆயுதத்தை மேம்படுத்தும் ஸ்மிதிங் ஸ்டோன் பொறுக்கலாம். ஆயுதம் +3 ஆக 2, 4, 6 என்று மொத்தம் 12 முதல்நிலைக் கற்கள் போதும். எல்லே தேவாலயத்தில் இருக்கும் பட்டறைக்கல்லிலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

இனி ரோல். மார்கிட்டின் கைத்தடி மேலே போய் ஒரு கணம் அப்படியே நிற்கும். அந்த நிறுத்தம் உங்களை முந்தி உருள வைப்பதற்காகவே வைத்தது. கையைப் பார்க்காதீர்கள், தடி இறங்கத் தொடங்குவதைப் பாருங்கள். இறங்கும்போது பின்னால் உருண்டால் நீளமான தடி எட்டிப் பிடித்துவிடும்; அவனுடைய இடுப்பை நோக்கி உள்ளே உருளுங்கள். தூரத்தில் நின்று குடுவையைக் குடிக்கவும் வேண்டாம். குடிக்கும் அசைவைக் கண்டதும் ஒளிக் குத்துவாளை வீசுவான். அவன் ஒரு தொடர் அடியை முடித்த கையோடு குடிப்பதுதான் பத்திரம்.

பனித்திரைக்கு வெளியே தரையில் பொன்னிறத்தில் ஒளிரும் ரோஜியரின் அழைப்புக் குறியும் இருக்கிறது, கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். அதுவும் போதாது என்றால், மர்க்வாட்டர் குகையில் பேட்சஸைப் பாதி உயிர் வரை அடியுங்கள். சரணடைந்ததும் கையை நிறுத்திவிட்டால், பிறகு கடை விரிப்பான். அவனிடம் 5,000 ரூனுக்கு (கேமின் நாணயம்) மார்கிட்டின் விலங்கு கிடைக்கும். அது மார்கிட்டைத் தரையோடு கட்டிப்போடும். ஆனால் சண்டையின் முதல் கட்டத்தில், இரண்டு தடவைதான் பலிக்கும்.

கேள்வி: லெவல் ஏற்றும்போது புள்ளிகளை எதில் போடுவது? வலிமையில் போட்டால்தானே அடி பலமாக விழும்?

தொடக்கத்தில் அடியின் பலம் ஆயுதத்தை மேம்படுத்துவதிலிருந்துதான் வருகிறது, வலிமைப் புள்ளியிலிருந்து அல்ல. ஆயுதத்தை ஏந்தத் தேவையான அளவோடு வலிமையை நிறுத்திவிட்டு, மிச்சத்தையெல்லாம் உயிரின் அளவைக் கூட்டும் விகரில் போடுங்கள். கணக்கைப் பாருங்கள்: விகர் 25-இல் உயிர் 800, 40-இல் 1,450, 60-இல் 1,900, 99-இல் 2,100. 25-லிருந்து 40 வரை ஒரு புள்ளிக்குச் சராசரியாக 43 உயிர் சேர்கிறது. 60-க்கு மேல் அதுவே 5 ஆகிவிடுகிறது. ஆகவே 40 வரை கண்ணை மூடிக்கொண்டு போடலாம், கடைசிப் பகுதிகளுக்கு 60 வேண்டும், அதற்கு மேல் வீண். ‘எல்லா பாஸும் (பெரிய எதிரியும்) ஒரே அடியில் கொல்கிறது’ என்று புலம்புகிறவர்களின் விகரைப் பார்த்தால் பெரும்பாலும் இருபதைத் தாண்டியிருக்காது.

இன்னொன்று: ஆயுதத்தை இரு கையாலும் பிடித்தால் வலிமை ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். மோர்ன் கோட்டையின் பாஸை வீழ்த்தினால் கிடைக்கும் கிராஃப்டட் பிளேடு பெருவாளுக்கு வலிமை 40, டெக்ஸ்டெரிட்டி (லாகவம்) 14 தேவை. இரு கையால் பிடித்தால் வலிமை 27 போதும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் அந்த வாளை எடுத்ததிலிருந்து என் ஆள் மூட்டைபோல உருளுகிறானே?

வாளின் எடை மட்டும் 21. சுமக்கக்கூடிய மொத்த எடையில் 70 சதவீதத்தைத் தொட்டாலே கனத்த ரோல்தான். 70-க்குக் கீழே நடுத்தரம், 30-க்குக் கீழே இலேசு. முதலில் மார்புக் கவசத்தைக் கழற்றுங்கள், அதுதான் அதிகம் கனக்கும். இடது கையில் பயன்படுத்தாமல் கிடக்கும் கேடயமும் எடையில் சேரும். 69.9 இருந்தாலும் நடுத்தர ரோல் அப்படியே கிடைக்கும்.

கேள்வி: ஒரு ஆயுதம் +25 வரை போகிறது, இன்னொன்று +10-இலேயே நின்றுவிடுகிறது. இரண்டாவது மட்டமா?

இல்லை, இரண்டும் வேறு வேறு ஏணி. சாதாரண ஆயுதத்துக்கு ஒரு நிலைக்கு 12 கற்கள் என எட்டு நிலைக்கு 96 கற்கள், கடைசிப் படிக்கு ஒரு பழைய டிராகன் கல். +10-இல் நிற்கும் சோம்பர் வகைக்கு ஒரு படிக்கு ஒரே கல். சோம்பர் +4 என்பது சாதாரண +10-க்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் மிச்சப்பட வேண்டுமானால் சோம்பர் நல்லது. ஆனால் அதில் ஆயுதத்தின் சிறப்புத் திறனான ஆஷ் ஆஃப் வாரை மாற்ற முடியாது.

சாதாரண வகையை வைத்திருப்பவர்கள் ராயா லுகாரியா கிரிஸ்டல் சுரங்கத்துக்குப் போகத் தவறக் கூடாது. அங்கே பாஸைக் கொன்றால் கிடைக்கும் சுரங்கத் தொழிலாளியின் மணியை ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் இரட்டைக் கன்னியரிடம் கொடுங்கள். முதல் இரண்டு நிலைக் கற்களை எத்தனை வேண்டுமானாலும் விற்பார்கள். அந்த பாஸ் படிக உடம்புக்காரன். வாளால் வெட்டினால் சுரண்டுவது போலத்தான் இருக்கும். கதாயுதம், சம்மட்டி மாதிரி மொத்தும் ஆயுதத்தால் கனத்த அடியாகப் போட்டு ஒருமுறை நிலைகுலைய வையுங்கள். அதன் பிறகு எல்லா அடியும் ஏறும்.

கேள்வி: ஏரிக்கரை இடிபாட்டில் ஒரு பெட்டியைத் திறந்தேன். புகை கிளம்பி எங்கோ கொண்டுபோய்விட்டது. சுற்றிலும் பயங்கரப் பூச்சிகள். வரைபடத்தில் வேறு இடத்துக்கும் போக முடியவில்லை.

அது கேலிட் பகுதியில் உள்ள செல்லியா கிரிஸ்டல் சுரங்கம். சுரங்கத்துக்குள் இருக்கும்வரை வேகப் பயணம் வேலை செய்யாது. சண்டை போடாமல் குனிந்து பதுங்கி, வாசலைத் தேடி வெளியே ஓடுங்கள். வெளியே வந்ததும் வரைபடத்தைத் திறந்து லிம்கிரேவ் கிரேஸைத் தொட்டால் போதும். ரூன் போனால் போகட்டும்.

கேள்வி: கதை என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் யாரும் உட்கார வைத்துச் சொல்ல மாட்டார்கள். இந்த உலகின் பழைய வரலாற்றை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிக் கொடுத்தார். இயக்குநர் ஹிடெடாகா மியாசாகியின் குழு அது சிதைந்து போன பிற்காலத்தில் நம்மை இறக்கிவிடுகிறது. ஆக, நடந்து முடிந்த ஒரு குடும்பச் சண்டையின் சாம்பலைத்தான் கிளறுகிறோம். ஒவ்வொரு பொருளின் குறிப்பையும் படியுங்கள், குறிப்பாகப் பெரிய பாஸ்களின் நினைவுப்பொருள்களை. ரதான் என்ற பாஸுடைய குறிப்பைப் படித்த பிறகு, அந்த மாமிச மலை ஏன் ஒரு நோஞ்சான் குதிரையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது புரியும். தன் குதிரையைப் பிரிய மனமில்லாமல் அவன் ஈர்ப்பு மந்திரம் கற்றான் என்ற அந்த ஒரு வரிக்கு முன்னால் நீண்ட அறிமுகக் காட்சிகள் எல்லாம் வீண்தான்.

கேள்வி: துணைப் பாத்திரங்கள் திடீரென்று காணாமல் போகிறார்களே?

நீங்கள் நகர்ந்தால் அவர்களும் நகர்வார்கள். 2022 பிப்ரவரியில் கேம் வெளியானபோது இன்னும் மோசம். அடுத்த மாத அப்டேட்டில்தான், சந்தித்தவர்களின் பெயர் வரைபடத்தில் பதிய ஆரம்பித்தது. ஒருவரிடம் பேசினால், அதே வரி திரும்ப வரும்வரை பேசுங்கள். ஓர் எல்லையை மட்டும் மனதில் வையுங்கள்: ஃபாரும் அசுலாவில் மலிகெத் என்ற பாஸை வீழ்த்தினால் தலைநகர் லெய்ன்டெல் சாம்பலில் மூழ்கிவிடும், பழைய நகருக்குத் திரும்ப வழியில்லை. அங்கே எடுக்க வேண்டியதை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எர்ட்ட்ரீயின் நிழல் வாங்கினேன். லெவல் 150 இருந்தும் சாதாரணச் சிப்பாயே அடித்துக் கொல்கிறான்!

2024 ஜூனில் வந்த அந்த விரிவாக்கத்தில் உங்கள் லெவலுக்கு அவ்வளவு மரியாதை இல்லை. அங்கே கணக்கே ஸ்கேடுட்ரீ துண்டுகள்தான். மொத்தம் 50 துண்டுகள், 20 படிகள். ஒவ்வொரு படியும் நீங்கள் கொடுக்கும் அடியைக் கூட்டும், வாங்கும் அடியைக் குறைக்கும். மிக்கெல்லாவின் சிலுவைகள் நிற்கும் இடங்களில் முதலில் தேடுங்கள். தலையில் பானை சுமந்து நிற்கும் நிழலுருவங்களைக் கொன்றாலும் கிடைக்கும். எடுத்தால் மட்டும் போதாது, கிரேஸில் உட்கார்ந்து செலுத்த வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். விரிவாக்கத்தின் களமான நிழல் தேசத்தை விட்டு வெளியே வந்தால் இந்தப் பலன் கிடையாது.

இன்னும் உள்ளேயே நுழையாதவர்களுக்கு: ரதான், மோக் இருவரையும் வீழ்த்தியிருக்க வேண்டும். மோக் மூன்று முறை எண்ணிவிட்டு ‘நிஹில்’ என்று கத்தும்போது உயிர் உறிஞ்சப்படும். இரண்டாம் மாரிகா தேவாலயத்தில் கிடைக்கும் சுத்திகரிப்புக் கண்ணீரைக் கலவைக் குடுவையில் சேர்த்து, எண்ணிக்கை முடிவதற்குள் குடித்துவிடுங்கள்.

கேள்வி: குறையே இல்லாத கேம் என்று எழுதுகிறீர்களே?

அப்படி எங்கே எழுதினோம்? நிலத்தடிக் கல்லறைகள் பாதிக்கு மேல் ஒரே அச்சு: நெம்புகோலைத் தேடு, கதவைத் திற, ஏற்கெனவே பார்த்த பாஸை மறுபடி அடி. எர்ட்ட்ரீ அவதாரத்தை எத்தனை முறைதான் பார்ப்பது? பனிப் பிரதேசம் வந்ததும் அடியின் பலம் எகிறுகிறது, வடிவமைப்போ இளைக்கிறது. கணினியில் நொடிக்கு 60 பிரேம் என்ற பூட்டு வேறு. ஆனாலும் சியோஃப்ரா கிணற்றின் லிஃப்ட் இறங்கிக்கொண்டே போய், பூமிக்கு அடியில் நட்சத்திர வானம் விரியும் அந்த ஓர் இறக்கத்துக்காக இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் கட்சி.

கேள்வி: நடுவில் நிறுத்திவைக்க வழியே இல்லையா?

நேரடியாக இல்லை. ஆஃப்லைனில் ஆடும்போது, உபகரணப் பட்டியலைத் திறந்து உதவிப் பொத்தானை அழுத்தி, ‘மெனு விளக்கம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த விளக்கப் பெட்டி திரையில் இருக்கும்வரை பாஸும் அசையாமல் நிற்கும்.