ரன்னிங் ஷூ கேள்வி-பதில்: "ஆறு மாசம்தான் ஆச்சு" என்று எழுதாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லைட் வெயிட் ஷூவைப் பற்றியே. ஜனவரி மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஷூ தேடும் நேரம் இது. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்துவிட்டேன். எப்போதும் சொல்வதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஷூ வாங்கிய அன்றே அதன் நாக்குப் பட்டையின் உள்பக்கம் பேனாவால் தேதியை எழுதுங்கள், ஓடும் கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் கேட்டால் என்னால் பாதி பதில்தான் சொல்ல முடியும்.

இப்போது போடுவது 310 கிராம். கடையில் 210 கிராமில் ஒன்று பார்த்தேன். மாற்றினால் வேகம் கூடுமா? (மதுரை)

கூடும், கொஞ்சம். ஒரு ஷூவில் 100 கிராம் குறைந்தால் ஓடுவதற்குச் செலவாகும் ஆக்சிஜன் சுமார் 1 சதவீதம் குறையும். பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடுகிறவருக்கு அரை நிமிடம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 100 கிராமை எங்கே கழித்தார்கள் என்று பார்த்தீர்களா? ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ரப்பர் முழுக்க இருக்கிறதா, இல்லை குதிகால் ஓரத்திலும் முன்பாதத்திலும் மட்டும் துண்டு துண்டாக ஒட்டிவிட்டு மீதி இடத்தில் வெறும் ஃபோம் தரையைத் தொடுகிறதா? மண் தரையில் ஓடுகிறவருக்கு அது போதும். பேவர் பிளாக்கிலும் சிமென்ட் ரோட்டிலும் ஓடுகிறவருக்கு 200, 250 கிலோமீட்டரிலேயே அந்த ஃபோம் பிய்ந்து வர ஆரம்பித்துவிடும். தினசரி ஓட்டத்துக்கு 240 முதல் 260 கிராம் வரை பாருங்கள், குதிகால் வெளி ஓரத்தில் நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழாத கெட்டி ரப்பர் இருக்கட்டும். இன்னொன்று, போட்டிருக்கும் எடை பெரும்பாலும் யுகே 8 அளவில் ஒரு ஷூவுக்கானது. உங்களுக்கு 10 என்றால் 20, 30 கிராம் கூடத்தான் வரும், அதற்காகக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம்.

நல்ல ரன்னிங் ஷூ ஒன்று சொல்லுங்கள் சார். (சேலம்)

உங்கள் எடை, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்தத் தரை, எவ்வளவு செலவழிக்க முடியும், இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை பதில் சொல்கிறேன்.

சுண்டுவிரல் மரத்துப்போகிறது. எட்டு கிலோமீட்டர் தாண்டினால் எரிச்சல். அளவு சரியாகத்தான் இருக்கிறது, லேடீஸ் மாடல்தான். (கோவை, ரேஸ்கோர்ஸில் தினமும் ஓடுபவர்)

நீளம் சரியாக இருக்கலாம், அகலம் சரியில்லை. பெண்களுக்கான ஷூவை ஆண்களுடையதைவிட ஒடுக்கமான அச்சில்தான் செய்கிறார்கள். சின்ன வயது முழுக்கச் செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த நம் ஊர்க் காலில் விரல்கள் விரிந்தே இருக்கும். தயங்காமல் ஆண்கள் பிரிவில் அதே சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் 2இ என்று அகலம் குறித்த மாடலைக் கேளுங்கள். யுகே, யுஎஸ் நம்பர் ஒவ்வொரு கம்பெனிக்கும் அரை சைஸ் மாறும், அட்டைப்பெட்டியில் இருக்கும் சென்டிமீட்டர் எண்ணை நம்புங்கள். அளவு பார்க்க மாலையில் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். "போடப் போட லூஸாகிடும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். அது தோல் ஷூவுக்குச் சொல்ல வேண்டியது. மெஷ் துணி அப்படி விரிந்து கொடுக்காது.

ஆறு மாசம்தான் ஆச்சு, சோல் தேய்ந்துவிட்டது, மேலேயும் கிழிந்துவிட்டது. ஆறாயிரம் ரூபாய் வீண். லைட் வெயிட் ஷூ எல்லாமே இப்படித்தானா? எந்தக் கம்பெனி நீடித்து உழைக்கும்? (சென்னை, வேளச்சேரி)

இந்தக் கேள்வி மாதாமாதம் வருகிறது, மாதாமாதம் கிலோமீட்டர் இல்லாமல்தான் வருகிறது. நல்லவேளையாக இவர் படம் அனுப்பியிருக்கிறார், அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஷூவில் பெருவிரலுக்கு மேலே கருப்பாக ஒரு தடம், அதன் நடுவில் மெஷ் நைந்து ஓட்டை. வலது ஷூவில் அந்த இடம் புதுசு போல இருக்கிறது. இரண்டு குதிகாலின் பின் ஓரமும் கத்தியால் சீவியது மாதிரி சரிந்திருக்கிறது. சார், அது கியர் போட்ட தடம். நீங்கள் அந்த ஷூவோடு பைக் ஓட்டுகிறீர்கள், சிக்னலில் காலை ஊன்றி இழுத்து நிறுத்துகிறீர்கள். இதைக் கடிதத்தில் ஓரிடத்தில்கூட எழுதவில்லை.

ரன்னிங் ஷூவின் மேல்துணி காற்று போக நெய்தது. ஒரு நாளைக்கு நூறு முறை இரும்பு லீவரைத் தூக்குவதற்கு அதில் எதுவும் இல்லை. அந்த ஷூவையே ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போட்டுப் போய், ஞாயிற்றுக்கிழமை ஷட்டிலும் ஆடினால் (பக்கவாட்டில் உதைத்து ஆடும் ஆட்டத்துக்கு இந்த சோல் செய்யப்படவே இல்லை) என்ன ஆகும்? வாரம் ஐந்து நாள் ஆறு கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 30, ஆறு மாதத்துக்கு 780 கிலோமீட்டர். சாதாரண தினசரி ஷூ 500 முதல் 800 வரை வரும், லைட் வெயிட் என்றால் 400, 500. ஓட்டக் கணக்கிலேயே உங்கள் ஷூ முழு ஆயுளும் உழைத்துவிட்டது. அதற்கு மேல் ஒரு நாளைக்கு எட்டாயிரம் காலடி நடக்கிறீர்கள் என்றாலும் ஐந்து, ஆறு கிலோமீட்டர், ஆறு மாதத்தில் ஆயிரம். மொத்தம் சுமார் 1,780 கிலோமீட்டர் உழைத்த பொருளை வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஓடுகிற ஷூ ஓடுவதற்கு மட்டும். வீட்டிலிருந்து மைதானத்துக்கு பைக்கில் போனால் செருப்பு போட்டுப் போங்கள், ஷூவைப் பையில் வையுங்கள். மாதக் கணக்கை விட்டுவிட்டு ரூபாயைக் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள்: ஆறாயிரம் ரூபாய் ஷூ 600 கிலோமீட்டர் வந்தால் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கும் ரேஸ் ஷூ 300 வந்தால் நாற்பது ரூபாய். அதற்கப்புறம் எந்தக் கம்பெனி என்று கேளுங்கள். என் விருப்பம், போன வருட மாடலைத் தள்ளுபடியில் வாங்குவது. பல நேரம் மாற்றம் சின்னதாகத்தான் இருக்கும்.

சோல் தேய்வதற்கு முன்பே உள்ளே மிட்சோல் (அடி ரப்பருக்கு மேலே இருக்கும் ஃபோம்) செத்துவிடும், அதையும் கவனியுங்கள். ஷூவை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? பக்கவாட்டு ஃபோமில் சுருக்கம் ஆழமாக விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறதா? அதே தூரம் ஓடியும் புதிதாகக் கெண்டைக்காலோ முட்டியோ வலிக்கிறதா? அப்படியானால் ரப்பர் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதை ஓட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் படிக்கிறேன். முதல் 10 கி.மீ. ஓட்டம். கார்பன் ப்ளேட் ஷூ (சோலுக்குள் கார்பன் தகடு வைத்த ரேஸ் ஷூ) வாங்கலாமா? (திருநெல்வேலி)

வேண்டாம் தம்பி. 2023 பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2:11:53 ஓடிப் பெண்கள் உலக சாதனை செய்தபோது போட்டிருந்த அடிடாஸ் ஷூ ஒன்று 138 கிராம்தான், விலை 500 டாலர், ஒரு மாரத்தானும் அதற்குப் பழகும் நேரமும்தான் அதன் ஆயுள் என்று செய்தவர்களே சொன்னார்கள். லேசான தன்மைக்கு அந்த விலை கொடுக்க வேண்டியவர்கள் வேறு. நீங்கள் 250 கிராமில் ஒன்று வாங்கி, மிச்சக் காசை இரண்டாவது ஜோடிக்குச் சேர்த்து வையுங்கள்.

இரண்டு ஜோடி மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறீர்களே, செலவுதானே? (புதுச்சேரி)

மொத்தக் கிலோமீட்டர் அதேதான், இரண்டாகப் பிரிகிறது, அவ்வளவுதான். நம் ஊர் வியர்வைக்கு ஷூ காய ஒரு நாள் முழுசாக வேண்டும். லக்சம்பர்க்கில் 264 பேரை 22 வாரம் கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடி பயன்படுத்தியவர்களுக்குக் காய ஆபத்து 39 சதவீதம் குறைவாக இருந்தது. காரணம் ஷூ மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது, இருந்தாலும் எனக்கு அது போதும்.

தட்டைப் பாதம் என்று கடையில் மெஷினில் ஏற்றிப் பார்த்துச் சொன்னார்கள். ஸ்டெபிலிட்டி ஷூதான் (பாதம் உள்பக்கம் சாயாமல் தாங்கும் ஷூ) போட வேண்டுமாம், 320 கிராம். வலி எதுவும் இல்லை. (ஈரோடு)

வலி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வகை கொடுத்ததைவிடக் காயம் பெரிதாகக் குறையவில்லை. நான்கைந்து ஜோடி போட்டு, கடை வாசலில் ஐம்பது அடி ஓடிப் பாருங்கள். எது காலில் இருப்பதே தெரியவில்லையோ அது. வலி இருந்தால் கடையைக் கேட்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ஷூ, நாலு வருடம் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். முதல் நாளே சோல் கழன்று வந்துவிட்டது. டூப்ளிகேட்டா? (நாகர்கோவில்)

இல்லை. நாலு வருட வெக்கையிலும் ஈரக்காற்றிலும் பசை செத்துப்போயிருக்கும். பாலியூரித்தேன் சோல் என்றால் ஃபோமே உதிரும். ஷூவைச் சேமித்து வைக்க முடியாது, வாங்கினால் போடுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியிலும் வைக்காதீர்கள்.

ஃபர்ஸ்ட் காப்பி 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஓடலாமா? (திருச்சி)

கூடாது. லோகோவைத்தான் காப்பி அடித்திருப்பார்கள், ஃபோமை அல்ல.

மழையில் நனைந்த ஷூவை வாஷிங் மெஷினில் போடலாமா? (சென்னை)

போடாதீர்கள். லேஸையும் உள் அட்டையையும் கழற்றி, பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர். அப்புறம் உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள், ஒரு மணி நேரத்தில் தாள் ஊறிவிடும், மாற்றுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டாம், மேலே சொன்ன பசைதான் காரணம்.

ஓட்டத்தன்று புது ஷூ போடலாமா? (வேலூர்)

வேண்டாம். அதற்கு முன் 40 கிலோமீட்டராவது அதில் ஓடியிருக்க வேண்டும், ஒரு நீண்ட ஓட்டமும் உட்பட. ஜனவரி ஓட்டத்துக்கு டிசம்பர் முதல் வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். மாலையில் போங்கள், ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துக்கொண்டு போங்கள்.