இரண்டு சீமான்களும் ஓர் ஆலிவ் காயும்

கேள்வி: ‘தி பர்சுவேடர்ஸ்’ என்ற பழைய பிரிட்டிஷ் தொடரைச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் பாராட்டியிருந்தீர்கள். தேடிப்பிடித்துச் சில பகுதிகளைப் பார்த்தேன். கடத்தல், துரத்தல், அடிதடி எல்லாம் இருந்தும் கதையில் விறுவிறுப்பே இல்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இதில் ரசிப்பதற்கு என்ன இருக்கிறது? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: கதையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 1971 செப்டம்பரிலிருந்து 1972 பிப்ரவரி வரை பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் ஒளிபரப்பான 24 பகுதிகளில், கதைக்காக நினைவில் நிற்பவை நான்கைந்து தேறினால் அதிகம். கதை அங்கே வெறும் சாக்கு. பரம்பரைச் செல்வத்தில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயப் பிரபு ஒருவரும், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிச் சேரியிலிருந்து மேலே வந்து எண்ணெய்த் தொழிலில் பணம் குவித்த அமெரிக்கர் ஒருவரும் ஒரே காரியத்தில் மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஓயாமல் சீண்டிக்கொண்டிருப்பதுதான் தொடரின் சரக்கு. பிரபு பிரெட் சின்க்ளேராக ரோஜர் மூர்; டேனி வைல்டாக டோனி கர்ட்டிஸ்.

முதல் பகுதியை மட்டும் மறுபடியும் பாருங்கள். பிரெஞ்சுக் கடற்கரைச் சாலையில் சின்க்ளேரின் மஞ்சள் நிற ஆஸ்டன் மார்ட்டினும் வைல்டின் சிவப்பு ஃபெராரி டினோவும், யாருக்கு யார் வழிவிடுவது என்ற வீம்பில் மான்டி கார்லோ வரை முந்திக்கொண்டு ஓடுகின்றன. அங்கே விடுதியில் இருவரும் சந்திக்கிறார்கள். ‘கிரியோல் ஸ்கிரீம்’ என்ற மதுக்கலவையில் ஆலிவ் காய் ஒன்று போட வேண்டுமா, இரண்டு போட வேண்டுமா என்று பேச்சு தொடங்குகிறது. குரல் உயராமல், மரியாதை குறையாமல் தொடங்கிய அந்தத் தர்க்கம் கைகலப்பாகி, மதுக்கூடமே துவம்சமாகிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஃபுல்டன் இருவரையும் அழைத்து, தொண்ணூறு நாள் சிறையா, சட்டத்தின் பிடியில் சிக்காமல் தப்பிய குற்றவாளிகளைப் பிடிக்கத் தமக்கு உதவுவதா என்று கேட்கிறார். அந்த ஆலிவ் தகராறு பிடித்திருந்தால் உங்களுக்குத் தொடர் பிடிக்கும். பிடிக்கவில்லையென்றால் மீதியைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இருவரின் நடிப்பு முறையும் நேரெதிரானது. கர்ட்டிஸ் ஓரிடத்தில் நிற்கவே மாட்டார். கையுறையோடு விளையாடுவார், நாற்காலியைத் தாண்டிக் குதிப்பார், எழுதிக் கொடுத்த வசனத்தோடு சொந்தச் சரக்கையும் கலப்பார். மூர் அசையமாட்டார், ஒரு புருவம் மட்டும் உயரும். அடி வாங்கி எழுந்ததும் முதலில் கழுத்துக்குட்டையைச் சரிசெய்துகொள்வார். மற்றவர் எதிர்பாராத எதையாவது கர்ட்டிஸ் சொன்னவுடன் மூரின் முகத்தில் தோன்றும் அந்த நொடித் தயக்கத்தைக் கவனியுங்கள். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. சின்க்ளேரின் உடைகளை வடிவமைத்தவரும் மூர்தான் என்பதைத் தொடரின் பெயர்ப்பட்டியலே சொல்கிறது. 1971-ஆம் ஆண்டின் அகலக் காலர்களை இன்று பார்க்கும்போது, அதையும் நகைச்சுவைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: தொடக்கக் காட்சியின் இசை மனத்தை விட்டு அகல மறுக்கிறது. இசையமைப்பாளர் யார்? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: ஜான் பேரி. ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு இசையமைத்த அதே பேரிதான். பொதுவாக அதிரடித் தொடர்களின் முகப்பு இசை தடதடவென்று ஓடும். இது சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் அதிர்வோடு மெல்ல நடக்கிறது, கொஞ்சம் சோகமாகக்கூட ஒலிக்கிறது. சிவப்பு, நீலம் என்று இரண்டு கோப்புகள் திறக்கின்றன. திரை பிளந்து ஒரு பக்கம் வைல்டின் வாழ்க்கையும் மறுபக்கம் சின்க்ளேரின் வாழ்க்கையும் குழந்தைப் பருவத்திலிருந்து புகைப்படங்களாக ஓடுகின்றன. ஒரு சொல் பேசாமலே பாத்திர அறிமுகம் முடிந்துவிடுகிறது. சில பகுதிகளில் அதற்குப் பின்வரும் ஐம்பது நிமிடங்களைவிட அந்த முகப்பே மேல் என்பது என் எண்ணம்.

கேள்வி: ரோஜர் மூர் ஜேம்ஸ் பாண்டாகப் போய்விட்டதால்தான் தொடரை நிறுத்தினார்கள் என்கிறான் என் நண்பன். உண்மையா? (சேலம் வாசகர்)

பதில்: நண்பர் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிட்டார். தொடரைத் தயாரித்த ஐடிசி நிறுவனத்தின் லூ கிரேட், அமெரிக்கச் சந்தையை நம்பியே இவ்வளவு பணத்தை இறக்கினார். ஹாலிவுட் நட்சத்திரமான கர்ட்டிஸை அழைத்து வந்ததும், பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தோடு நில்லாமல் பிரான்ஸின் தெற்குக் கடற்கரை வரை படக்குழுவை அனுப்பியதும் அதற்காகத்தான். ஆனால் அமெரிக்காவில் ஏபிசி அலைவரிசை இதைச் சனிக்கிழமை இரவில், போட்டி அலைவரிசையான சிபிஎஸ்ஸின் ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடருக்கு எதிராக ஒளிபரப்பியது. பார்வையாளர்கள் வரவில்லை, 24 பகுதிகளும் ஒளிபரப்பாகி முடியும் முன்பே தொடரை நிறுத்திவிட்டார்கள். அந்த வருமானம் இல்லாமல் இரண்டாம் பருவத்துக்கு வழியில்லை. மூர் பாண்டாக நடித்த முதல் படம் 1973-இல்தான் வெளிவந்தது.

ஐரோப்பாவில் கதையே வேறு. ஜெர்மனியில் ரைனர் பிராண்ட் என்பவர், மூலத்தில் இல்லாத கேலியும் கிண்டலும் சேர்த்து வசனங்களைப் புதிதாகவே எழுதிக் குரல் கொடுக்க வைத்தார். மூலத்தில் இருவரும் வாய் மூடியிருக்கும் இடத்திலும் ஜெர்மானியர்களுக்கு நகைச்சுவை கேட்டது. அங்கும் பிரான்ஸிலும் தொடர் கொண்டாடப்பட்டு, பல தலைமுறைகளுக்கு மறுஒளிபரப்பானது. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். கதை மெலிந்திருக்கும் தொடருக்குப் பேச்சைக் கொழுக்க வைத்த பிராண்ட், நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார் என்பேன்.

கேள்வி: எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை. எவற்றைப் பார்க்கலாம்? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதல் பகுதிக்குப் பிறகு ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’. பாழடைந்து கிடந்த தன் பரம்பரை மாளிகையை யாரோ ரகசியமாகப் புதுப்பிக்கிறார்கள் என்று சின்க்ளேருக்குத் தெரியவருகிறது. உள்ளே நுழைய அவர் கண்டுபிடிக்கும் வழி, வேலையற்ற நடிகனாகப் போய், பிரெட் சின்க்ளேராக நடிக்கும் வாய்ப்பைப் பெறுவது. தன்னைப் போல் தானே நடிக்கும் அந்தச் சங்கடத்தை மூர் நுணுக்கமாகச் செய்திருக்கிறார். அடுத்தது ‘எ டெத் இன் த ஃபேமிலி’. சின்க்ளேர் குடும்பத்தார் ஒவ்வொருவராகக் கொல்லப்படும் இந்தப் பகுதியில், தளபதி, கப்பற்படைத் தலைவர், ஒரு மூத்த சீமாட்டி என்று பல உறவினர்களாக வருபவரும் மூரே.

பெண் பாத்திரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரும்பாலும் அழகாக வந்து, ஆபத்தில் சிக்கி, அடுத்த வாரம் காணாமல் போகிறவர்கள். இவர்களைவிட ஒரு படி மேலாக நடிகை ஜோன் காலின்ஸ் ‘ஃபைவ் மைல்ஸ் டு மிட்நைட்’ பகுதியில் வருகிறார். மூலக் குரலில், வசனவரிகளோடு பாருங்கள். இரண்டு பகுதிகளை ஒரே இரவில் தொடர்ந்து பார்க்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று என்று எழுதப்பட்ட தொடர் இது, அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே மாதிரியான சண்டைகள் கண்ணில் உறுத்தும்.