டீசரில் பேயின் முகம் வேண்டாம்
நண்பரே, உங்கள் 90 வினாடி டீசரில் பேய் முகம் மூன்று முறை வந்தும் யாரும் பயப்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முகம் வந்ததுதான் சிக்கல்.

2013-இல் வந்த 'தி கான்ஜூரிங்' என்ற ஹாலிவுட் பேய்ப் படத்தின் டீசரை ஒருமுறை பாருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டல் சத்தத்தைத் தேடிப் போகும் விளையாட்டை முதலில் நமக்குப் பழக்கிவிடுகிறார்கள். அப்புறம் இருட்டில் அம்மா தீக்குச்சி உரசுகிறார். அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு கைகள் நீண்டு தட்டுகின்றன. அவ்வளவுதான், உருவமே கிடையாது. அது யாருடைய கை என்ற கேள்விதான் ஆளைத் தியேட்டருக்கு இழுக்கும்.

உங்கள் டீசரில் கதவு மெல்லத் திறக்கும் ஷாட் அருமை. அங்கே இசையை மொத்தமாக நிறுத்துங்கள், கீல் சத்தம் மட்டும் கேட்கட்டும். கதவு முழுதாகத் திறக்கும் முன்பே கட் செய்து, படத்தின் பெயரைப் போடுங்கள்.