கோப்பு ஏன் போய்ச் சேரவில்லை? எஸ்எஃப்டிபி கேள்வி பதில்

கே: எஸ்எஃப்டிபியில் (எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியே சர்வருக்குக் கோப்பு அனுப்பும் முறை) லாகின் ஆகிறது. ஆனால் சர்வரில் இணையதள ஃபோல்டருக்குள் கோப்பைப் போட்டால் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. 777 கொடுத்துவிடவா?

ப: வேண்டவே வேண்டாம். 777 என்றால் அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதில் எழுதலாம், அழிக்கலாம். லாகின் ஆகிவிட்டதென்றால் கடவுச்சொல்லில் கோளாறு இல்லை, ஃபோல்டர் உரிமையைப் பாருங்கள். கோப்பு போடும் ஃபோல்டரில் எழுதும் உரிமை வேண்டும். ரூட்டிலிருந்து (எல்லாவற்றுக்கும் மேலிருக்கும் முதல் ஃபோல்டர்) அதுவரை வழியில் வரும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் உரிமை, அதாவது எக்ஸ், வேண்டும். நடுவில் ஒன்றில் அது விட்டுப்போனாலும் இதே பிழைதான் வரும். பலரும் கடைசி ஃபோல்டரையே முறைத்துக்கொண்டிருப்பார்கள்! அந்த ஃபோல்டருக்கு ஒரு குரூப் வைத்து, குரூப்புக்கு எழுதும் உரிமை கொடுத்து, அதில் உங்களைச் சேருங்கள். சேர்த்தபின் வெளியே வந்து மறுபடி லாகின் செய்தால்தான் பலிக்கும். ஒருமுறை மட்டும் போடுவதென்றால் ஹோம் ஃபோல்டரில் இறக்கிவிட்டு சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் கட்டளையை ஓட்டுவது) கொடுத்து நகர்த்துங்கள், போதும்.

கே: ஒரு பயனரை அவர் ஃபோல்டரைத் தாண்டவிடாமல் சிஎச்ரூட் போட்டேன். இப்போது கடவுச்சொல் கொடுத்ததுமே இணைப்பு அறுந்துபோகிறது.

ப: அந்த ஃபோல்டரை அவர் பெயரிலேயே வைத்திருப்பீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் (இந்த இணைப்பை நடத்தும் மென்பொருள்) அதை ஏற்காது. சிஎச்ரூட் ஃபோல்டரும் அதற்கு மேலுள்ள எல்லாமும் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் எழுதும் உரிமை கூடாது. 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம், நுழையலாம்) வைத்துவிட்டு, உள்ளே இன்னொரு ஃபோல்டர் உண்டாக்கி அதை அவருக்குக் கொடுங்கள். சர்வரின் லாக் என்ற பதிவுக் கோப்பைத் திறந்தால் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அனுப்புகிறவர் திரையில் அது தெரியாது.

கே: 'ரிசீவ்ட் மெசேஜ் டூ லாங்' என்று ஏதோ பெரிய எண்ணோடு வருகிறது. கோப்போ 2 கேபிதான்!

ப: கோப்பின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சர்வரில் உங்கள் பாஷ்ஆர்சி கோப்பில் (ஷெல் தொடங்கும்போது தானாக ஓடும் கட்டளைகள் உள்ள கோப்பு) வரவேற்பு வாசகம் காட்டும் எக்கோ வரி ஏதாவது இருக்கும். அதன் முதல் 4 பைட்டை எஸ்எஃப்டிபி செய்தியின் நீளம் என்று எடுத்துக்கொள்கிறது. வரியை நீக்குங்கள், அல்லது இன்டராக்டிவ் ஷெல்லில் (நீங்களே கட்டளை தட்டும்போது) மட்டும் ஓடவிடுங்கள்.

கே: போர்ட் 2222. எஸ்எஸ்எச் போகிறது, எஸ்சிபி (கோப்பை நகலெடுக்கும் கட்டளை) போகவில்லை.

ப: போர்ட்டைச் சொல்ல எஸ்எஸ்எச்சுக்குச் சின்ன 'பி' (-p), எஸ்சிபிக்குப் பெரிய 'பி' (-P). எஸ்சிபியில் சின்ன 'பி' கோப்பின் நேரத்தையும் உரிமைகளையும் அப்படியே வைத்திருக்கச் சொல்வது.

கே: லேப்டாப்பை அப்டேட் செய்தபின் பழைய ரவுட்டருக்கு எஸ்சிபி மறுக்கிறது.

ப: 2022இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 முதல் எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியைத்தான் பயன்படுத்துகிறது. ரவுட்டரில் எஸ்எஃப்டிபி சர்வர் இருக்காது. கட்டளையில் பெரிய 'ஓ' (-O) சேர்த்தால் பழைய முறையிலேயே அனுப்பும்.

கே: பாதியில் நின்று 'ஃபெயிலியர்' என்று மட்டும் சொல்கிறது.

ப: முதலில் டிஸ்க்கில் இடம் பாருங்கள். இடம் இருந்தும் ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் தேவையான பதிவிடம்) தீர்ந்திருக்கலாம், கோட்டாவும் (உங்களுக்கு ஒதுக்கிய அளவு) முடிந்திருக்கலாம். சரிசெய்தபின் எஸ்எஃப்டிபியில் 'ரீபுட்' (reput) கட்டளை கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.