"எங்கப்பாவுக்கு ஏன் சொல்லல டீச்சர்?" – கடற்கரைப் பிள்ளைகளுக்குப் புயல் பாடம்

கேள்வி: பாம்பன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் 4 முதல் 7 வயது வரை 18 பிள்ளைகள். இயேசு "இரையாதே, அமைதலாயிரு" என்று சொல்லிப் புயலடித்த கடலை அமர்த்திய பாடத்தை நடத்தியபோது 6 வயதுப் பையன் ஒருவன், "எங்கப்பா போனப்ப ஏன் 'இரையாதே'ன்னு சொல்லல டீச்சர்?" என்று கேட்டுவிட்டான். அவன் அப்பா போன ஐப்பசியில் வத்தை (சிறு நாட்டுப்படகு) கவிழ்ந்து இறந்தவர். எனக்கு நா எழவில்லை. "ஆண்டவருக்கு அப்பாவை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, அதான் கூப்பிட்டுக்கிட்டார்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வாரமாக அவன் வரவில்லை. நான் சொன்னது தவறா? இந்தப் பாடத்தை இனி விட்டுவிடலாமா?

பதில்: சகோதரி, சொன்னது தவறுதான். ஆனால் திருத்திவிடக்கூடிய தவறு. பாடத்தை விட வேண்டாம், நடத்துகிற விதத்தை மாற்றினால் போதும்.

ஏன் தவறு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 6 வயதுப் பிள்ளை சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆண்டவர் தமக்குப் பிடித்தவர்களைக் கூப்பிட்டுக்கொள்கிறவர் என்றால், அடுத்து அம்மா. அதற்கடுத்து நான். நல்ல பிள்ளையாக இருந்தால் அவருக்குப் பிடித்துவிடும் என்று பயந்து அடம்பிடிக்கத் தொடங்கும் பிள்ளைகளும் உண்டு. கோயில் பக்கமே வராமல் இருப்பதும் அந்தப் பயத்தால் இருக்கலாம். 7 வயதுக்குக் கீழே, சாவு என்பது திரும்பி வராத ஒன்று என்பது இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது. "கூப்பிட்டுக்கிட்டார்" என்றால் "எப்ப திருப்பி அனுப்புவார்?" என்றுதான் மனது ஓடும். "அப்பா தூங்குறாங்க" என்பதும் இதே ரகம். அதைக் கேட்ட பிள்ளை இரவில் கண்மூட மறுக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, தானே காரணம் என்று பிள்ளை நினைத்துக்கொள்வது: அன்றைக்கு ஜெபம் பண்ணாமல் தூங்கிவிட்டேன், அப்பாவிடம் கோபித்துக்கொண்டேன், அதனால்தான் காற்று நிற்கவில்லை. இதைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லாது.

இந்த வாரமே அவன் வீட்டுக்குப் போங்கள். சபைக் கமிட்டியோடும் பழப்பையோடும் போகாதீர்கள், ஒரு சாயங்காலம் தனியாகப் போங்கள். முதலில் அம்மாவிடம் பேசி, அப்பாவைப் பற்றி வீட்டில் என்ன வார்த்தை சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால், அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போதே பையனிடம் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: "தம்பி, அன்னைக்கு டீச்சர் சொன்னது தப்பு. ஆண்டவர் உங்கப்பாவைப் பிடுங்கிட்டுப் போகல. காத்து பலமா அடிச்சுச்சு, வத்தை கவுந்துருச்சு, அப்பா செத்துப்போயிட்டாங்க. நீ செஞ்ச எதனாலயும் அது நடக்கல. ஏன் அன்னைக்குக் காத்து நிக்கலன்னு எனக்குத் தெரியல." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். "செத்துப்போயிட்டாங்க" என்ற சொல்லைக் கடுமை என்று நினைத்து மழுப்பாதீர்கள். அந்தச் சொல் ஒன்றுதான் பிள்ளைக்கு வேறு அர்த்தம் கொடுக்காது. அவன் கேட்டால், இயேசுவும் கூட்டாளி லாசரு செத்தபோது அழுதார் என்று சொல்லலாம். யோவான் 11:35 அதைச் சொல்கிறது. அதே கேள்வியை அவன் பத்துத் தடவை கேட்பான். பத்துத் தடவையும் அதே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பதில் வந்தால் அவன் எதையும் நம்ப மாட்டான்.

இனி பாடம். மாற்கு 4:38ஐ எடுத்து மறுபடியும் வாசியுங்கள். "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று சீஷர்கள் கேட்கிறார்கள். உங்கள் வகுப்புப் பையன் கேட்டதும் அதேதான். அவன் பாடத்தைக் கலைக்கவில்லை, பாடத்துக்குள் நின்றுதான் கேட்டிருக்கிறான். அடுத்த முறை ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால், "படகுல இருந்தவங்களும் இதைத்தான் கேட்டாங்க" என்று சொல்ல வேதமே உங்களுக்கு இடம் தருகிறது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதையை 39ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள். "ஏன் உங்களுக்கு விசுவாசம் இல்லாமற்போயிற்று" என்று வரும் 40ஆம் வசனத்தை 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். 6 வயதுக்காரன் அதைக் கேட்டால், "அப்பாவுக்கு விசுவாசம் இல்லை, அதனால் செத்தார்" என்று எடுத்துக்கொள்வான். பாடம் முடிந்ததும் "யாருக்கெல்லாம் விசுவாசம் இருக்கு, கை தூக்குங்க" என்று கேட்பது நம் சபைகளில் ஊறிப்போன பழக்கம். அதை இன்றோடு விட்டுவிடுங்கள். இயேசு இருக்கிற படகு கவிழாது என்ற கருத்தில் வரும் அபிநயப் பாட்டுகளும் கடற்கரையில் வேண்டாம். உள்நாட்டில் அது பாட்டு, இங்கே அது வாக்குறுதி.

இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்), தென்கடல் (மன்னார் வளைகுடா) இரண்டுதான். கலிலேயாக் கடல் ஒரு நன்னீர் ஏரி. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13 கிலோமீட்டர். அகலம் ஏறக்குறைய பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போகிற தூரம்தான். கடல் மட்டத்துக்கு 210 மீட்டர் கீழே, மேடுகளுக்கு நடுவே கிடக்கிறது. மேட்டிலிருந்து குளிர்ந்த காற்று பள்ளத்து வெக்கைக்குள் சட்டென்று இறங்குவதால்தான் அங்கே திடீரென்று அலை கிளம்புகிறது. பிள்ளைகளிடம், "சுத்தி மலை இருக்கிற ஒரு பெரிய கண்மாய்" என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். கதை அந்தத் தண்ணீரில், அந்த நாளில் நடந்ததாக நிற்கும். அப்பா போன கடலில் வந்து ஒட்டிக்கொள்ளாது. இயேசு படுத்திருந்த இடத்துக்கு நம் பழைய மொழிபெயர்ப்பு 'பின்னணியம்' என்கிறது. 'அணியம்' கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல். அதைப் 'படகின் பின்பக்கம்' என்று மாற்றிக் கெடுக்காதீர்கள்.

படகைக் காட்ட வேண்டுமா? 1986இல் அந்த ஏரியில் தண்ணீர் குறைந்தபோது சேற்றிலிருந்து முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மரப்படகு ஒன்று கிடைத்தது. 8 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், 2.3 மீட்டர் அகலம். கோயில் மணலில் சுண்ணாம்புப் பொடியால் 27 அடி நீளத்துக்கும் ஏழரை அடி அகலத்துக்கும் கோடு போட்டு, 18 பிள்ளைகளையும் அதற்குள் உட்கார வையுங்கள். உட்கார்ந்து கதை கேட்கட்டும், அவ்வளவுதான். ஆடச் சொல்லாதீர்கள். தகரத்தைத் தட்டி இடி முழக்காதீர்கள், விளக்கை அணைக்காதீர்கள். தண்ணீர் நிறைந்த பேசினில் காகிதக் கப்பல் விடுவது எல்லாப் பயிற்சியிலும் சொல்லித்தருகிற உத்தி. காகிதம் சில நிமிடத்தில் ஊறி, கதையின் நடுவில் மூழ்கும். அதைப் பார்க்கக் கூடாத பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் இருக்கிறது. கட்டாயம் ஏதாவது மிதக்க வேண்டுமென்றால் வலையில் கட்டுகிற தக்கையை விடுங்கள், அது மூழ்காது.

கதை 7 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு 10 நிமிடம் படம் வரையட்டும். ஆளுக்கு அரை ஏ4 தாள், மூன்று பேருக்கு ஒரு கிரேயான் பெட்டி. "இது என்ன?" என்று கேட்காமல், "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை கவிழ்ந்த படகை வரைந்தால் திருத்த வேண்டாம், மற்றவர்கள் முன் தூக்கிக் காட்டவும் வேண்டாம்.

எப்போது நடத்துவது? பாடப்புத்தகம் அச்சிடுகிறவர்கள் நகரத்தில் உட்கார்ந்து அச்சிடுகிறார்கள். வாடைக்காற்றுக் காலம் என்ன, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின் நினைவு நாள் எது, எதுவும் அவர்கள் கணக்கில் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை இந்தப் பாடத்தைத் தொடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளிவையுங்கள். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுகள் அப்போதும் போகும்; ஆனாலும் வாடைக்காற்றின் பயம் இல்லாத காலம் அது. மற்ற மாதங்களில், சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் ஞாயிறு காலையில்தான் திரும்பும் என்பதையும் மனதில் வையுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் கண் வாசலிலேயே இருக்கும். அவர்களைப் பாடம் கவனிக்கவில்லை என்று அதட்டாதீர்கள்.

யோனா பாடத்தை இதோடு சேர்த்து அடுத்த வாரமே நடத்தாதீர்கள். யோனா கதையில் காற்று எழும்பியது, ஆண்டவர் சொல்லைக் கேளாமல் கப்பலேறி ஓடிய யோனாவின் பொருட்டு. அதைக் கேட்ட பிள்ளை, அப்பாவும் ஏதோ தப்பு செய்தார் என்று முடிவு கட்டிவிடும்.

ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், இந்தக் கரையில் எல்லோரும் சறுக்குகிற இடம் அது. அப்பா வீட்டில் இல்லாத பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. அப்பா இறந்து, அடக்கம் செய்து, கல்லறை காட்ட முடிகிற பிள்ளை ஒன்று. கடலில் காணாமல் போய் உடல் கிடைக்காத அப்பாவின் பிள்ளை இன்னொன்று. இலங்கைக் கடற்படை பிடித்துக் காவலில் இருக்கிற அப்பாவின் பிள்ளை மூன்றாவது. "அப்பாவை இழந்து தவிக்கிற பிள்ளைகளுக்காக ஜெபிப்போம்" என்று ஒரே வாயாகச் சொன்னால், காவலில் இருப்பவரின் பிள்ளை அப்பா செத்துவிட்டார் என்று நினைத்துவிடும். வீட்டில் அம்மா அழுவதைப் பார்த்து அது ஏற்கெனவே பாதி அப்படித்தான் நினைத்திருக்கும். அந்தப் பிள்ளையிடம், "அப்பா உயிரோட இருக்காங்க, வேற ஊர்ல வச்சிருக்காங்க, எப்ப விடுவாங்கன்னு நமக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். "அடுத்த வாரம் வந்துருவாங்க" என்று சொல்லாதீர்கள், காவல் நீட்டிப்பு நீண்டுகொண்டே போகும். பேதுரு சிறையிலிருந்து விடுதலையான கதையை உடனே எடுத்து ஆறுதல் சொல்லத் தோன்றும். அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரம்தான் அது. அதே அதிகாரத்தின் 2ஆம் வசனத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறான். ஒரே அதிகாரத்தில் ஒருவன் வீடு திரும்புகிறான், ஒருவன் திரும்பவில்லை. இதை அறிந்துகொண்டு பேசுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள். காணாமல் போனவரின் பிள்ளை விஷயத்தில், "வருவார்" என்றும் சொல்லக் கூடாது, "செத்துட்டார்" என்றும் சொல்லக் கூடாது. குடும்பம் எந்த வார்த்தையைச் சொல்கிறதோ அதையே நீங்களும் சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டில் எழுதி வைக்காமல், மூன்று வகையையும் மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டைச் சொன்னதும் இதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பையனைப் போன்ற பிள்ளையைத் தேடித்தான் சில ஆட்கள் வருவார்கள். தடைக்காலத்தில், விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும்போது வருவார்கள். கையில் புத்தக மூட்டை, பலூன், கேமரா. பாடப்பெட்டி இலவசம் என்பார்கள். பதிலுக்கு, தகப்பன் இல்லாத பிள்ளைகளின் பெயர், படம், வீட்டு விவரம், அம்மாவின் கையெழுத்து கேட்பார்கள். படம் எங்கோ பணம் திரட்டப் போகும், பணம் பிள்ளைக்கு வராது. சிலர், "ஹாஸ்டல்ல சேர்த்து இங்கிலீஷ் மீடியம் படிக்க வைக்கிறோம்" என்று தாயிடம் நேராகவே போவார்கள். பிள்ளைகளைத் தங்க வைக்கும் எந்த இல்லமும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படியோ, தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டு விடுதிகள் சட்டப்படியோ அரசிடம் பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். சான்றைக் கேளுங்கள். "ஊழியக்காரங்களை நம்ப மாட்டீங்களா" என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது, வெளியே அனுப்புங்கள். சந்தேகம் வந்தால் 1098க்கு அழையுங்கள், அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். உங்கள் பதிவேட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், போனில் படம் எடுக்கவும் விடாதீர்கள்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தந்திருக்க வேண்டியவர்கள் வேறு யாரோ. வருஷத்துக்கு ஒரு நாள் ஆசிரியர் பயிற்சி, அதில் பாதி வரவேற்புரை, மீதி மனப்பாட வசனப் போட்டிக்கான விதிமுறை. அப்பாவைக் கடலில் இழந்த பிள்ளைக்கு என்ன சொல்வது என்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் நீங்கள் அன்று தடுமாறியிருக்க மாட்டீர்கள். ஆண்டு விழாப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் எடுக்கிற சபைகள், ஆறு பெட்டி கிரேயானுக்குக் கணக்குக் கேட்கின்றன. கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

பையன் மறுபடி வரும் ஞாயிறு, "இத்தனை நாளா எங்க போன?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் கைதட்டி வரவேற்கவும் வேண்டாம். வாசல் பக்கத்தில், எழுந்து வெளியே போக வசதியாக அவனுக்கு இடம் விடுங்கள். அன்று 5 அப்பமும் 2 மீனும் கொண்டுவந்த பையனின் பாடத்தை வைத்துக்கொள்ளலாம். வருகையை எடுக்கும்போது அவன் பெயரை வழக்கமான வரிசையிலேயே கூப்பிடுங்கள்.