மகனுக்குக் குஞ்சிதபாதம் என்று பெயர் வைக்கலாமா? அதற்கு என்ன பொருள்?

என் பேரே குஞ்சிதபாதம்தான், அதனால் பதில் சொல்லாமல் போக மனசு வரவில்லை. தாத்தா பேரைத்தான் வைக்கணும் என்று வீட்டில் பெரியவர்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கிண்டல் பண்ணுவார்களே என்று உங்களுக்குப் பயம். இதுதானே?

குஞ்சிதம் வடசொல், வளைந்தது என்று பொருள். சிதம்பரம் நடராஜர் வலது காலை முயலகன் என்ற அசுரன் மேல் ஊன்றி, இடது காலை வளைத்துத் தூக்கி ஆடுகிறாரே, அந்தத் தூக்கிய திருவடிதான் குஞ்சிதபாதம். ஊன்றிய பாதத்தில் மறைப்பு, அதாவது உயிருக்கு உண்மையை மறைத்து வைப்பது; எடுத்த பாதத்தில் முத்தி என்பது சைவ சித்தாந்தம். அந்தப் பொற்பாதத்தைக் காணக் கிடைத்தால் மனிதப் பிறவியும் வேண்டியதுதான் என்று பாடினார் அப்பர். வெட்டிவேரில் செய்து அந்தக் காலில் சாத்துகிற அணிக்கும் இதே பேர்தான். சபாபதி, கனகசபை, தில்லைநாயகம், பொன்னம்பலம் எல்லாம் இதே சன்னிதியிலிருந்து வந்த பேர்கள்.

ஏழாவது படிக்கும்போது ஒரு வாத்தியார் வருகைப் பதிவேடு வாசிக்கையில் என் பேரைப் பாதியில் நிறுத்திச் சிரித்தார். வகுப்பே சிரித்தது. அந்தப் பாதிப் பேரே எனக்குப் பட்டப்பேராகிவிட்டது. பேரை மாற்றச் சொல்லி வீட்டில் அழுதேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனித் திருமஞ்சனத் திருவிழாவுக்குச் சிதம்பரம் கூட்டிப்போனார். நெரிசலில் என்னை முன்னால் தள்ளி நிறுத்தினார். தீட்சிதர் தீபாராதனைத் தட்டை முகத்திலிருந்து மெல்ல இறக்கி, அந்த இடது காலுக்கு நேரே பிடித்தார். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. "நல்லா பாத்துக்கடா, அதான் உன் பேரு" என்றார் அப்பா. அதற்கப்புறம் எவன் கூப்பிட்டும் எனக்கு உறைக்கவில்லை.

வடமொழிப் பேர் எதற்கு என்று இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். தமிழில்தான் வேண்டுமென்றால் அம்பலவாணன் என்று வையுங்கள், நான் மறுக்கவில்லை. நம்பிக்கை இல்லாதவர்களை வைக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் நாலு பேர் சிரிப்பார்கள் என்பதற்காக ஒரு நல்ல பேரைக் கைவிடாதீர்கள். சிரிக்கிறவர்களைத்தான் திருத்தணும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னை நிஜமாகவே அலைக்கழித்தது கிண்டல் இல்லை, ஆங்கில எழுத்துக்கூட்டல். மதிப்பெண் சான்றிதழில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் இன்னொரு மாதிரி. யாரோ ஒரு எழுத்தர் அவசரத்தில் எழுதியதற்கு நான் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, அரசிதழில் விளம்பரம் கொடுத்து அலைந்தேன். எந்தப் பேர் வைத்தாலும் சரி, பிறப்புச் சான்றிதழுக்கு எழுத்துக்கூட்டலை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதையே போடச் சொல்லுங்கள்.