ஈறில் மிளகளவு கொப்புளம், கன்னத்தில் பனங்கற்கண்டு

தேர்த் திருவிழாவில் மகன் தின்ற பஞ்சு மிட்டாய், தேன் மிட்டாய், புளிப்பு மிட்டாய் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ‘கீழ்க் கடைவாய்ப் பல்லை ஒட்டி ஈறில் மிளகளவு கொப்புளம் வந்து வந்து அடங்குகிறது, இப்போது வலி இல்லை’ என்று கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள், திருவாரூர்ச் சகோதரி. எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

அது சூட்டுக் கொப்புளம் இல்லை. சொத்தை உள்ளே இறங்கி, பல்லின் நரம்பு செத்து, வேர்களுக்கு நடுவே கட்டிய சீழ் எலும்பைத் துளைத்து வெளியே வழி தேடியிருக்கிறது. சீழ் வடிந்தால் கொப்புளம் அடங்கும், வழி அடைத்தால் மறுபடி வீங்கும். வலி நின்றது குணமானதால் அல்ல. வலியைச் சொல்ல உள்ளே நரம்பு உயிரோடு இல்லை.

‘பால்பல்தானே, தானா விழுந்துடும்’ என்று உங்கள் மாமியார் சொல்வது முன்பற்களுக்குப் பொருந்தும். கடைவாய்ப் பால்பற்கள் 9 முதல் 12 வயது வரை நிற்க வேண்டியவை. உங்கள் பையனுக்கு 6 வயதுதான் ஆகிறது. அந்தப் பல்லின் வேர்களுக்கு நடுவில்தான் நிலைப்பல்லின் முளை வளர்ந்துகொண்டிருக்கிறது. சீழ் அதன் தலைமேல் மாதக்கணக்கில் நின்றால், புதுப்பல் பழுப்புக் கறையும் குழியுமாக முளைக்கலாம். நிலைப்பற்கள் கெட்டுவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அதற்குக் காரணம் மிட்டாய்ச் சாயம் இல்லை, இந்தச் சீழ்.

இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சின்ன எக்ஸ்ரே எடுத்து, வேர் தாங்கும் என்றால் உள்ளே சுத்தம் செய்து மருந்து நிரப்பி, ஸ்டீல் கேப் போடுவார். தாங்காது என்றால் பல்லை எடுத்துவிட்டு, புதுப்பல் வரும்வரை இடத்தைக் காக்கக் கம்பி வைப்பார். கம்பி வேண்டாம் என்று வந்துவிடாதீர்கள். பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிட்டால் நிலைப்பல் கோணலாக வரும். கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே போங்கள். வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும், நடுராத்திரியானாலும் 108-ஐ அழைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அக்காள் மகனுக்கு வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் கொடுத்தேன் என்கிறீர்களே, அதை இனிச் செய்யவே கூடாது. செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது; மருந்து அங்கே போய்ச் சேராது. வெளிவீக்கம் அடங்கும், மூலம் அப்படியே இருக்கும், நீங்கள் ஒரு மாதத்தை இழப்பீர்கள். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும், கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றுவதும் சதையைப் புண்ணாக்கும். வாய்க்குள் புகை காட்டிப் பூச்சி எடுப்பதும் வேண்டாம். பல்லில் பூச்சியே கிடையாது.

இப்போது மிட்டாய். ‘கடை மிட்டாய் தினமும் இல்லை, இரவில் பாலும், இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளப் பனங்கற்கண்டும்தான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பனங்கற்கண்டும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பல்லுக்குச் சர்க்கரையேதான். வாய்க் கிருமி அதை அமிலமாக்கும், வாயின் பி.எச். (அமில அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். தூக்கத்தில் உமிழ்நீர் ஊறுவதே குறைவு. கன்னத்தில் அடக்கிய கற்கண்டோடு குழந்தை தூங்கிப்போனால், அந்தப் பக்கக் கடைவாய்ப் பல் நெடுநேரம் பாகில் ஊறுகிறது.

ஆகவே எந்த மிட்டாய் என்பதைவிட, எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது என்று பாருங்கள். கமர்கட்டும் ஜவ்வு மிட்டாயும் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். போட்ட கேப்பையே பிடுங்கிவிடும். ஆரஞ்சு மிட்டாயும் குச்சி மிட்டாயும் கரையக் கரைய அமிலம் தொடரும். புளிப்பு மிட்டாயில் சிட்ரிக் அமிலமே இருப்பதால் கிருமியின் உதவி தேவையில்லை. அதைத் தின்றதும் பல் தேய்க்காதீர்கள், இளகிய எனாமல் தேய்ந்துபோகும். தண்ணீரில் கொப்பளித்து ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். சாக்லேட் இவற்றைவிடச் சீக்கிரம் வாயை விட்டுப் போகும். மதியச் சாப்பாட்டோடு சேர்த்து மொத்தமாகத் தின்னட்டும். மணிக்கொன்றாகத் தின்பதுதான் கெடுதல்.

பஞ்சு மிட்டாய் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துத் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள். ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது உண்மை. அடிக்கும் ரோஸ் நிறத்தில் எதையும் வாங்காதீர்கள். இரண்டு முறை தின்றதற்காக இரத்தப் பரிசோதனை ஒன்றும் வேண்டாம்.

இரவில் பாலைச் சர்க்கரையில்லாமல் கொடுத்து, அதற்குப் பிறகு நீங்களே தேய்த்துவிடுங்கள். ஃபுளோரைடு 1000 பி.பி.எம். உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு. நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். எட்டு வயது வரை அவன் கையில் மட்டும் விடாதீர்கள்.

இன்று இரவே டார்ச் அடித்து, கெட்ட பல்லுக்கும் பின்னால், வரிசையின் கடைசியில் பாருங்கள். எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய பல் தலைகாட்டியிருக்கலாம். அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய நிலைப்பல். அதன் பள்ளங்களைச் சீலன்ட் என்ற காப்புப் பூச்சு வைத்து மூட முடியுமா என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள்.